பகல் நேரத்தில் மட்டும் வந்த விண்வெளிச் சமிக்ஞை: பார்க்ஸ் பெரிட்டான்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

உலக நேரப்படி 2001 ஜூலை 24. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஆடு மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே நிற்கும் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி வழக்கம்போல வானத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. அங்கே குளிர்காலம், விடியற்காலை ஆறு மணிகூட ஆகவில்லை. பால்வெளிக்கு அருகிலுள்ள குட்டி விண்மீன் மண்டலமான சிறிய மெகல்லன் மேகத்திலிருந்து சுமார் 3 பாகை தள்ளி ஓரிடத்திலிருந்து ஐந்து மில்லி விநாடிகூட நீடிக்காத ஒரு ரேடியோ துடிப்பு வந்து விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. பதிவு ஆவணக் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்தது.

பல்சர் (சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்பு அனுப்பும் விண்மீன் எச்சம்) தேடலுக்காக அந்தப் பழைய பதிவுகளைத் தோண்டிய இளநிலை மாணவர் டேவிட் நார்க்கெவிக் கண்ணில் அது பட்டது. அவருடைய வழிகாட்டி டங்கன் லோரிமர், மோரா மெக்லாக்லின், மேத்யூ பெய்ல்ஸ், ஃபிரோன்ஃபீல்டு கிராஃபோர்டு ஆகியோருடன் சேர்ந்து 2007இல் கட்டுரை வெளியானது. 'லோரிமர் துடிப்பு' என்ற பெயர் நிலைத்தது. ஆய்வுக் கட்டுரைகளில் அதற்கு எஃப்ஆர்பி 010724 என்றும் பெயர். விரைவு ரேடியோ வெடிப்புகள் (ஆங்கிலச் சுருக்கம் எஃப்ஆர்பி) என்ற புதிய துறைக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

ஆனால் அந்தப் பிள்ளையார் சுழியை அழித்துவிடலாமா என்று வானியலாளர்களே சில ஆண்டுகள் யோசிக்க வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் ஒரு மைக்ரோவேவ் ஓவன். இது வேடிக்கைச் செய்தியாக உலகம் முழுக்கப் பரவியது. வேடிக்கையை விட்டுவிட்டு வழக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

மின்னலும் இடியும்

லோரிமர் துடிப்பை வெகு தொலைவிலிருந்து வந்தது என்று எதை வைத்துச் சொன்னார்கள்? மின்னல் வெட்டியதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி, இடி கேட்டதும் 'இத்தனை தூரத்தில் விழுந்திருக்கிறது' என்று கணக்குப் போடுவோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். விண்மீன்களுக்கு இடையே வெற்றிடம் என்று சொன்னாலும் அங்கே எலக்ட்ரான்கள் மெலிதாகப் பரவிக் கிடக்கின்றன. அவற்றின் ஊடே வரும்போது ரேடியோ அலைகளில் அதிக அதிர்வெண் கொண்டவை முன்னால் வந்துவிடும், குறைந்தவை பின்தங்கும். தாமதம் அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். இந்தத் தாமதத்தை அளந்தால் வழியில் எத்தனை எலக்ட்ரான்களைக் கடந்தது என்று தெரியும். அந்த எண்ணுக்குச் சிதறல் அளவு என்று பெயர்.

லோரிமர் துடிப்பின் சிதறல் அளவு 375. பார்க்ஸ் கருவி பதிவு செய்த அலைவரிசையின் மேல் முனையில் தெரிந்த துடிப்பு, கீழ் முனையில் தெரிவதற்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு விநாடி எடுத்துக்கொண்டது. அந்தத் திசையில் நம் பால்வெளி மண்டலம் முழுவதையும் கடந்தாலும் 25 அளவுதான் சேரும். மீதி 350 எங்கிருந்து வந்தது? பால்வெளிக்கு வெளியே, நூறு கோடி ஒளியாண்டுக்கும் மேலான தொலைவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். அவ்வளவு தொலைவிலிருந்து வந்தும் கருவியின் ஒரு கற்றையை (ஒரே நேரத்தில் அது பார்க்கும் வானத் துண்டுகளில் ஒன்றை) நிரம்பி வழியச் செய்யும் அளவுக்குப் பிரகாசம்.

அதே இடத்தைக் கூடுதலாக 90 மணி நேரம் பார்த்தார்கள். மறுபடி எதுவும் வரவில்லை. ஒரே ஒரு முறை வந்து போனதை எப்படி நம்புவது?

சிறகு முளைத்த மான்

சாரா பர்க்-ஸ்போலார் தலைமையிலான குழு அதே பார்க்ஸ் ஆவணங்களில் இதைப் போன்ற வேறு துடிப்புகள் இருக்கின்றனவா என்று தேடியது. இருந்தன. மொத்தம் 16. மேலிருந்து கீழாகச் சறுக்கும் அதே வடிவம். சிதறல் அளவும் பலவற்றில் 375ஐ ஒட்டியே இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று உதைத்தது.

பார்க்ஸில் அப்போதிருந்த ஏற்பி (ரேடியோ அலைகளை வாங்கும் கருவி) 13 கற்றைகள் கொண்டது. அதாவது ஒரே நேரத்தில் வானத்தின் 13 சிறு வட்டங்களைத் தனித்தனியாகப் பார்க்கும். தொலைவிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து வரும் சமிக்ஞை ஒரு கற்றையில் விழும், மிகப் பிரகாசமாக இருந்தால் பக்கத்துக் கற்றைகளிலும் கொஞ்சம் கசியும். இந்த 16 துடிப்புகளும் 13 கற்றைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தெரிந்தன. கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் தெரிகிற வெளிச்சம் நேர் எதிரே இருக்கும் விளக்கிலிருந்து வர முடியாது, பக்கவாட்டிலிருந்து எதுவோ கண்ணுக்குள் புகுகிறது என்றுதான் பொருள். இவை பூமியிலிருந்தே வந்தவை.

அப்புறம், நேரம். வந்ததெல்லாம் பகலில், அலுவல் நேரத்தில். வானத்துக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, மதிய உணவு இடைவேளையும் கிடையாது.

இவற்றுக்குப் பெரிட்டான் என்று பெயர் வைத்தார்கள். கற்பனை விலங்கு அது. உடல் சிறகுள்ள மான், தரையில் விழும் நிழலோ மனிதனுடையது. பெயர் வைத்தவர்களுக்கு நல்ல குறும்பு. பின்னால் நடந்ததை நினைத்தால், இவ்வளவு பொருத்தமான பெயர் தற்செயலாக அமைந்ததை நம்பவே முடியவில்லை. நிழல் உண்மையிலேயே மனிதனுடையதுதான்.

2011இல் வெளியான அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் பெய்ல்ஸும் கிராஃபோர்டும் இருந்தார்கள். இருவரும் 2007ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் இருந்தவர்கள். நான்கே ஆண்டு முன்பு உலகத்துக்கு அறிவித்த தங்கள் கண்டுபிடிப்பின் மேல் தாங்களே சந்தேகத்தைக் கிளப்பும் சான்றைத் தேடி எடுத்து வெளியிட்டார்கள். இந்த வழக்கில் ஓவன் கதையைவிட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெரும்பாலும் இந்த வேலையைப் போட்டிக் குழுதான் செய்யும்.

இடியா, மழையா

பெரிட்டான் எதனால் வருகிறது? முதலில் வந்த யூகம் மின்னல் அல்லது வளிமண்டலத்தில் நடக்கும் வேறு ஏதாவது. சில துடிப்புகள் மழை நாட்களில் பதிவாகியிருந்தன, அதனால் யூகம் பொருந்தியது போலத் தெரிந்தது. (குளிரும் மழையும் இருக்கும் நாளில் ஆட்கள் வெளியே போகாமல் உள்ளேயே எதையாவது சூடுபண்ணிச் சாப்பிடுவார்கள் என்பது என் சொந்த யூகம். ஆதாரம் கேட்காதீர்கள்.)

2012இல் மஞ்சரி பாக்சி, நீவ்ஸ், மெக்லாக்லின் மூவரும் பார்க்ஸின் இன்னொரு பழைய ஆவணத் தொகுப்பை அலசினார்கள். பாக்சி பின்னர் சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தவர். அவர்களுக்கு லோரிமர் துடிப்பு போன்ற ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பெரிட்டான் போன்ற நான்கு கிடைத்தன. அந்த நான்கும் வந்தபோது மழையும் இல்லை, மின்னலும் இல்லை. ஆக மின்னல் யூகம் ஆட்டம் கண்டது. அதோடு அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: இவ்வளவு தேடியும் வேறு வான் துடிப்பு கிடைக்கவில்லை என்பதால் லோரிமர் துடிப்பு வெகு தொலைவிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு குறைவு. மெக்லாக்லினும் 2007ஆம் ஆண்டுக் கட்டுரையில் இருந்தவர்தான்.

பின்னால் பார்த்தால் அந்த முடிவு தவறு. கையிலிருந்த தரவை வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிவதுதான் இந்த வழக்கின் சுவை.

அடுத்த ஆண்டே காற்று மாறியது. 2013இல் பார்க்ஸ் தரவிலிருந்தே மேலும் நான்கு வெடிப்புகளை டான் தார்ன்டன் குழு அறிவித்தது. 2014இல் பியூர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கி 2012 நவம்பரில் பதிவு செய்த ஒன்று அறிவிக்கப்பட்டது. பார்க்ஸைத் தாண்டி வேறொரு தொலைநோக்கியிலும் கிடைத்துவிட்டதால் விரைவு ரேடியோ வெடிப்புகளின் மேல் நம்பிக்கை கூடியது. ஆனாலும் பெரிட்டான் என்ன என்று தெரியாதவரை, முதல் துடிப்பின் மேல் விழுந்த நிழல் அகலவில்லை. இரண்டும் ஒரே தொலைநோக்கி, ஒரே ஏற்பி, ஒரே மாதிரி வடிவம். கேள்வி கேட்பவர் வாயை எப்படி அடைப்பது?

கையும் களவுமாக

ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின என்று யோசித்தால், புத்திக் குறைவோ முயற்சிக் குறைவோ காரணமில்லை. பெரிட்டான்கள் எல்லாம் பழைய பதிவில் கண்டெடுக்கப்பட்டவை. 1998 ஜூன் 23 அன்று ஒரே நாளில் சில நிமிடங்களுக்குள் வரிசையாகப் பல வந்திருந்தன. 2010இல் உட்கார்ந்துகொண்டு, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அன்று வளாகத்தில் யார் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று யாரைக் கேட்பது? தவிர, ஏற்பி பார்த்தது 1.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய சுமார் 0.3 கிகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சன்னலை மட்டும். சன்னலுக்கு வெளியே என்ன நடந்தது என்பதற்குப் பதிவே கிடையாது.

2014 டிசம்பரில் பார்க்ஸில் ஒரு குறுக்கீடு கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்டது. 0.4 முதல் 3 கிகாஹெர்ட்ஸ் வரை வளாகத்தைச் சுற்றியுள்ள ரேடியோ இரைச்சல் முழுவதையும் இடைவிடாமல் பதிவு செய்வது அதன் வேலை. வானத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. தெருமுனையில் மாட்டிய கண்காணிப்புக் கேமரா மாதிரி. இதே காலத்தில் மெல்பர்னின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்த எமிலி பெட்ரோஃப், வெடிப்புகளை வந்த நொடியிலேயே கண்டுபிடிக்கும் தேடலை நடத்திக்கொண்டிருந்தார். ஆக, முதல் முறையாகத் திருட்டும் கேமராவும் ஒரே நேரத்தில் இருந்தன.

2015 ஜனவரியில் ஒரே வாரத்தில் மூன்று பெரிட்டான்கள் வந்தன. கண்காணிப்புப் பதிவைப் புரட்டினால், மூன்று முறையும் அதே நேரத்தில் 2.3 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸில் பலமான ஒரு வீச்சு இருந்தது. 2.4 என்ற எண்ணைப் பார்த்ததும் ரேடியோ ஆட்களுக்குப் பொறி தட்டும். வைஃபை அங்கேதான், புளூடூத் அங்கேதான், மைக்ரோவேவ் ஓவனும் அங்கேதான். (வீட்டில் ஓவனைப் போட்டால் புளூடூத் ஒலிபெருக்கி கரகரப்பதைக் கேட்டிருப்பீர்கள்.)

வளாகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓவன்கள் இருந்தன. ஊழியர்களுக்கும் பசிக்கும், பார்வையாளர்களுக்கும் பசிக்கும். சரி, ஒரு குவளையில் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கேட்டது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் 1.4 கிகாஹெர்ட்ஸில் மேலிருந்து கீழாகச் சறுக்கும் அந்த விசித்திர வடிவம் எப்படி வருகிறது என்பதற்கு, ஓவனை வெறுமனே ஓட்டியதில் விடை தெளிவாகவில்லை.

விடை நாம் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தில் இருந்தது. இன்னும் ஐந்து விநாடி இருக்கும்போதே 'போதும், சூடாகியிருக்கும்' என்று கதவை இழுத்துத் திறப்போம். 2015 மார்ச்சில் நடந்த சோதனையில் ஓவன் தானாக நிற்கும்வரை காத்திராமல் கதவைத் திறந்து நிறுத்தினார்கள். பெரிட்டான் வந்தது. மறுபடி திறந்தார்கள், மறுபடி வந்தது. சிதறல் அளவு 400ஐ ஒட்டி.

உள்ளே நடப்பது இதுதான். ஓவனில் அலைகளை உண்டாக்கும் பாகம் மேக்னட்ரான். நேரம் முடிந்து தானாக நின்றால், கதவு மூடியிருக்கும்போதே மேக்னட்ரான் அணைந்துவிடும், எதுவும் வெளியே கசியாது. கதவை இழுத்தால் பாதுகாப்பு சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும், உண்மைதான். ஆனால் துண்டித்த கணத்திலேயே மேக்னட்ரான் அடங்கிவிடுவதில்லை. அணையப்போகும் விளக்குத் திரி ஒரு முறை எகிறி அடங்குவதுபோல, தடுமாறி, வழக்கமான அதிர்வெண்ணை விட்டு வேறு அதிர்வெண்களிலும் சிறிது உமிழ்ந்துவிட்டுத்தான் ஓய்கிறது. அதற்குள் கதவில் இடைவெளி விழுந்திருக்கும். ஒரு விநாடியின் மிகச் சிறிய பகுதி. சாப்பிடுபவருக்கு ஒன்றும் ஆகாது. பல கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள மண்டலங்களைக் கேட்கும் 64 மீட்டர் அகலக் கிண்ணக் காதுக்கு அது போதும்.

இன்னும் ஒரு நிபந்தனையும் உண்டு. தொலைநோக்கி பொருத்தமான கோணத்தில் திரும்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிண்ணமே குறுக்கே நின்று ஓவனிலிருந்து வருவதை ஏற்பியிடம் சேர விடாது. ஆக யாரோ அவசரப்பட்டுக் கதவைத் திறக்க வேண்டும், அந்த நேரம் தொலைநோக்கியும் தோதாகப் பார்த்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைவது அரிது. பெரிட்டான்கள் தினமும் வராததற்கு இதுதான் காரணம். குறைந்த சூட்டில் ஓடும் ஓவன் மேக்னட்ரானை விட்டுவிட்டு இயக்கும் என்பதால், 1998இல் வரிசையாக வந்தவற்றில் தெரிந்த சுமார் 22 விநாடி இடைவெளிக்கும் அர்த்தம் கிடைத்தது.

அலுவல் நேரம், பதின்மூன்று கற்றைகள், மழை நாள், வெயில் நாள் எல்லாம் ஒன்றாகப் பொருந்தின. அவற்றுக்குப் பின்னால் ஒரு மனிதப் பழக்கம் இருந்தது. ஓவனை அதன் கையேடு சொல்கிறபடி இயக்கியிருந்தால் இந்த வழக்கு முடிந்தே இருக்காது.

அப்படியானால் லோரிமர் துடிப்பு?

பெட்ரோஃப் குழுவின் கட்டுரை 2015இல் வந்ததும் செய்திகளில் ஒரு குழப்பம். வேற்றுக்கிரக சமிக்ஞை என்று நினைத்தது கடைசியில் ஓவன் என்று பலர் எழுதினார்கள். கட்டுரை சொன்னது கிட்டத்தட்ட நேர் எதிர். பெரிட்டான் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துவிட்டதால், எது பெரிட்டான் இல்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

எஃப்ஆர்பி 010724ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது மூன்று நான்கு கற்றைகளில் மட்டுமே தெரிந்தது, அதுவும் ஒன்றில் மிகப் பிரகாசமாக. நேரம் விடியற்காலை. தொலைநோக்கி அப்போது நின்ற நிலையில் வளாகத்து ஓவன்கள் அதை உண்டாக்கியிருக்க வழியில்லை என்று அதே கட்டுரை காட்டியது. தாமதமும் அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதம் என்ற விதியை ஒட்டி நடந்தது. பெரிட்டான்களோ அந்த விதியைத் தோராயமாகப் பார்த்து எழுதியவை போல மேடும் பள்ளமுமாக இருக்கும், அகலமும் பல மடங்கு கூடுதல். காப்பியடித்த விடைத்தாளில் கடைசி வரி மட்டும் சரியாக இருக்குமே, அப்படி.

ஆக ஓவனைப் பிடித்த அன்றே முதல் துடிப்பின் மேலிருந்த வழக்கும் தள்ளுபடியானது.

அதன் பிறகு நடந்தவை வேகமானவை. அரெசிபோவில் கிடைத்த எஃப்ஆர்பி 121102 மறுபடி மறுபடி வெடிக்கிறது என்று 2016இல் தெரிந்தது. மறுபடி வருவதால் குறிபார்க்க முடிந்தது. சுமார் 300 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு குட்டி விண்மீன் மண்டலத்திலிருந்து அது வருகிறது என்று 2017 ஜனவரியில் அறிவித்தார்கள். 2020 ஏப்ரல் 28 அன்று நம் பால்வெளிக்குள்ளேயே இருக்கும் மேக்னட்டார் ஒன்றிலிருந்து இதே மாதிரி வெடிப்பு வந்தது. மேக்னட்டார் என்பது அதீத காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன். வெடிப்புகளில் சிலவற்றுக்காவது காரணம் அதுதான் என்பதற்கு அன்று நேரடிச் சான்று கிடைத்தது. கனடாவின் சைம் தொலைநோக்கி 2021இல் வெளியிட்ட முதல் பட்டியலில் 536 வெடிப்புகள் இருந்தன. ஒற்றைத் துடிப்பை வைத்துக்கொண்டு வாதாடிய காலத்திலிருந்து பதினான்கே ஆண்டுகள்.

2023ஆம் ஆண்டின் வானியலுக்கான ஷா பரிசு பெய்ல்ஸ், லோரிமர், மெக்லாக்லின் மூவருக்கும் வழங்கப்பட்டது. மூவரில் இருவர் இடையில் தங்கள் கண்டுபிடிப்புக்கே எதிரான கட்டுரைகளில் கையெழுத்திட்டவர்கள் என்பதைப் பரிசுச் செய்தியைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

எஃப்ஆர்பி 010724 மட்டும் அன்று வந்ததோடு சரி, மறுபடி தென்படவில்லை. பார்க்ஸின் ஒரு கற்றை வானத்தில் முழு நிலவின் விட்டத்தில் ஏறக்குறைய பாதி அகலத்தை மூடும். அந்த வட்டத்துக்குள் விண்மீன் மண்டலங்கள் எத்தனையோ. எதிலிருந்து வந்தது என்று இன்னும் யாரும் சுட்டிக்காட்டவில்லை.